வீட்டுப் பெயர்

படிவத்தில் முதலாவது கேள்வி என்னுடைய பெயர். அந்த முதலாவது கேள்வியிலேயே நான் ஏழு மாதம் நின்றேன்.

இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கிற படிவம் அது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக, மெல்ல மெல்ல எழுதுவேன். இதையும் கனடாவில், ரெக்ஸ்டேல் வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரு நாளைக்கு அரைப் பக்கம், ஒரு பக்கம் என்றுதான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் என் கையெழுத்தை மட்டும் போடத் தெரியும். அதனால் படிவம் நிரப்புகிற வேலை மகளிடம் போனது. அவள் மிசிசாகாவில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். எனக்காக லீவு எடுத்த நாட்களை அவள் கணக்கு வைக்கவில்லை, ஆனால் முகத்தில் தெரியும்.

எதற்கு எனக்கு இந்த வயதில் இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமை என்று கேட்டவர்கள் உண்டு. அது இன்னொரு நாடு இல்லை என்று அவர்களுக்குச் சொன்னேன். உண்மையான காரணம் என் அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிறந்த வீட்டில் தனியே இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். நான் உடனே விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி என் கனடாப் பாஸ்போட்டைப் பார்த்தார், என் சீலையைப் பார்த்தார், எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் சுற்றுலா என்று பதிந்து ஒரு மாதம் தந்தார். பிறகு நீட்டினோம். நீட்டியதும் முடிந்தது. அக்கா தடியில்லாமல் குசினிவரை நடக்கத் தொடங்குவதற்கு முன்னரே என்னுடைய நாள் முடிந்துவிட்டது.

வாசல் படலையடியில் நின்று அக்கா சொன்னாள்: "போட்டு வா சுற்றுலாக்காரி. அடுத்தமுறை வரேக்கை கழுத்திலை ஒரு கமராவும் கொழுவிக்கொண்டு வா."

அவள் முன்னால் சிரித்தேன். விமானத்தில் ஏறிய பிறகு, சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். என் சொந்த அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நான் யாரிடமோ நாள் கேட்டு நிற்க வேண்டும். இனி அப்படி நிற்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

"இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் விசாவே தேவையில்லை அம்மா," என்றாள் மகள். "விரும்பின அளவு நிக்கலாம். வயசுபோன ஆக்களுக்கு லேசாம்."

"லேசெண்டு ஆர் சொன்னது?"

"இன்ரநெற்றிலை கிடக்கு."

இன்ரநெற்றுக்கு என் பெயரைப் பற்றித் தெரியாது.

அந்தப் பெயர்க் கதையைச் சொல்லத்தான் வேண்டும். கனடாவுக்கு அகதியாக வந்த வருடம், என்னை ஒரு சின்ன அறையில் இருத்தி விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழர், நல்ல மனிதர், மகளுக்கு ஒரு இனிப்புக்கூடக் கொடுத்தார். அதிகாரி ஒன்று கேட்க, அவர், "அம்மா, உங்க பேரு என்ன?" என்றார். சொன்னேன். அடுத்ததாக, "உங்க வீட்டுப் பேரு?" என்றார்.

நான் கொஞ்சம் யோசித்தேன். ஒரு அரசாங்கத்துக்கு இது எதற்கு என்று நினைத்தேன். பிறகு, பொய்க்காரரைப் பிடிக்க இப்படித்தான் துருவித் துருவிக் கேட்பார்களாக்கும், மறைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார், அதிகாரி எழுதினார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயர் என்றால் வீட்டுக்குள்ளே கூப்பிடுகிற செல்லப் பெயர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். அந்த மனிதர் ஆந்திராப் பக்கத்தில் வளர்ந்தவராம்; அங்கே அது தலைமுறை தலைமுறையாக வருகிற குடும்பப் பெயராம். அவர் சரியாகத்தான் கேட்டார். நான் சரியாகத்தான் சொன்னேன். பிழை யாருடையது என்று இன்றைக்கும் என்னால் தீர்க்க முடியவில்லை.

அது ஒரு சின்னப் பறவையின் பெயர். சிறுவயதில் நான் ஓயாமல் கதைத்தேன் என்று அப்பா வைத்தது. அதை இங்கே எழுதமாட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கடதாசிகளில் எழுதியதே போதும். அம்மா, அப்பா, அக்கா மூவர் மட்டும் கூப்பிட்ட பெயர், சுகாதார அட்டையில் வந்தது. குடியுரிமைப் பத்திரத்தில் வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் துணிகள் தோய்க்கிற இடத்தில் நான் வேலை செய்தபோது, என் நெஞ்சில் குத்திய அட்டையில் வந்தது. வைத்தியரின் கந்தோரில் நாற்பது பேருக்கு நடுவே தாதி எழும்பி நின்று 'மிஸிஸ்' போட்டு அந்தப் பெயரைக் கூப்பிடுவாள். நான் நிமிர்ந்து எழும்பிப் போவேன். வேறு என்ன செய்வது?

என் கணவர் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிச் சிரிப்பார். "உன்ரை கொப்பர் செல்லமாய் வைச்ச பேரை இப்ப கனடா அரசாங்கமே கூப்பிடுது. உனக்கு வந்த மரியாதையைப் பார்." அவர் இறந்தபோது பத்திரத்தில் மனைவி என்ற இடத்திலும் அந்தப் பறவைதான் இருந்தது.

ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். தொடக்கத்தில் பயம், பிழை என்று சொன்னால் எல்லாமே பொய் என்று நினைப்பார்களோ என்று. பிறகு வேலை. பிறகு மகள், "பிறகு பாப்பம்" என்றாள். அந்தப் பிறகு இப்போதுதான் வந்தது.

இலங்கைத் தூதரக அலுவலகத்துக்கு முதல்முறை போனது மாசி மாதத்தில், பனி கொட்டுகிற ஒரு காலை. நம்பர் எடுத்து இருந்தோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கொழும்புத் தமிழ் பேசினாள். மரியாதையான பிள்ளை. பிறப்புப் பத்திரத்தை ஒரு கையிலும் பாஸ்போட்டை மறுகையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, பிறப்புப் பத்திரத்தில இருக்கிறவங்க ஒரு ஆள். பாஸ்போட்ல இருக்கிறவங்க வேற ஆள்."

"ரெண்டும் நான்தான் பிள்ளை."

"எனக்கு விளங்குது அம்மா. ஃபைலுக்கு விளங்கணுமே. இந்த லாஸ்ட் நேம் யாரோடது? அப்பாவோடதா, கணவரோடதா?"

மகள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டு: "அது அம்மான்ரை பெற் நேம்."

அந்தப் பெண் கையால் வாயை மூடினாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் நான் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நெடுஞ்சாலை முழுக்க வாகனம், பாதிநேரம் நின்று நின்றுதான் வந்தோம்.

"கோவமே அம்மா?"

"இல்லை."

"எனக்குச் சிரிப்பு வந்திட்டுது."

"உனக்கு வரும். உன்ரை லாஸ்ற் நேம் உன்ரை கொப்பற்றை."

அவள் பிறகு சிரிக்கவில்லை. கனடாவில் பெயரை மாற்றலாம், படிவம் இருக்கிறது என்றாள். பெயரை மாற்றினால் பாஸ்போட் மாற்ற வேண்டும், ஓய்வூதியம், வங்கி, வீட்டுப் பத்திரம் எல்லாம் மாற்ற வேண்டும், ஒரு வருடம் போகுமாம். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு வருடத்தை யார் தருவது?

ஆகவே, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி. மிசிசாகாவில் ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனோம். பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய கந்தோர், படியேறும்போதே கருவாட்டு மணம். கதையைக் கேட்டுவிட்டு அவர் கதிரையில் சாய்ந்தார்.

"அன்ரி, நீங்கள் முதலாவது ஆள் இல்லை. என்ரை கிளையன்ற் ஒருத்தருக்கு லாஸ்ற் நேமே 'தெரியாது' தான். குடும்பப் பேர் என்னெண்டு கேட்டதுக்குத் தெரியாது எண்டு சொல்லியிருக்கிறார், அவங்கள் அப்பிடியே எழுதிப்போட்டாங்கள். இப்ப பேரப்பிள்ளையளுக்கும் உதுதான் குடும்பப் பேர்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், மற்றவருடைய பெயர் என்றபடியால். அதன் பிறகு அவர் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். என் பிறப்புப் பெயரைச் சொல்லி, 'எனப்படும்' என்று ஒரு சொல்லைப் போட்டு, பறவையைச் சொன்னார்.

"அந்தச் சொல்லை எடுங்கோ," என்றேன்.

"எந்தச் சொல்லை அன்ரி?"

"எனப்படும். கள்ளருக்கும் காடையருக்கும்தான் பேப்பரிலை அப்பிடிப் போடுறவை. இன்னார் எனப்படும் இன்னார் கைது எண்டு."

"சட்டத்திலை வேறை சொல் இல்லை அன்ரி."

"அப்ப சட்டத்தைத்தான் திருத்தவேணும்."

"அம்மா, பிளீஸ்," என்றாள் மகள். "பார்க்கிங் ஒரு மணித்தியாலத்துக்குத்தான்."

நான்கு இடத்தில் கையெழுத்து வைத்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவேன். வழக்கறிஞர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதன் பிறகு இன்னும் ஆறுதலாகப் போட்டேன். எங்கள் அப்பா கைநாட்டு வைத்த மனிதர். அரசாங்கக் கச்சேரியில் மை பூசிய பெருவிரலோடு நின்றபோது ஒரு லிகிதர் சிரித்தாராம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, என்ரை பிள்ளையள் ரெண்டும் கைநாட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் என்னை ஒரு பழைய கொப்பியில் கையெழுத்துப் பழக்கியது அக்காதான். என் வாழ்க்கையில் நான் ஒரு கடதாசியிலும் விரல் வைத்ததில்லை. அகதி விசாரணையில்கூட, மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்டு வாங்கினேன்.

இரண்டாம்முறை அலுவலகத்துக்குப் போனபோது அதே பெண்தான். சத்தியக் கடதாசியை வாசித்தாள்.

"இது நீங்களே சொல்றது அம்மா. உங்கள பிறந்ததில இருந்து தெரிஞ்ச ஒருத்தங்க சொல்லணும். ஊர்ல ஒரு சமாதான நீதவான் முன்னுக்குக் கையெழுத்து வச்சு."

"எனக்கு எழுபத்தைஞ்சு வயசாகுது பிள்ளை. என்னைப் பிறந்ததிலயிருந்து தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர் இருப்பினம்?"

"ஒருத்தங்க போதும் அம்மா."

ஒருத்திதான் இருந்தாள்.

கனடாப் பொலிசாரின் நற்சான்றும் வேண்டும், அதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடியில் வைத்து அமத்தினார். திரையைப் பார்த்தார். துடைத்துவிட்டுத் திரும்ப அமத்தினார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"துணி தோய்க்கிற வேலை. ஏன் அவருக்கு?"

பெரியவர் தலையை ஆட்டினார். ரேகை தேய்ந்துவிட்டதாம். கொதிநீரும் வெளுக்கிற மருந்தும் பத்தொன்பது வருடம் தின்றிருக்கிறது. ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், கிறீம் பூசிக்கொண்டு வரச் சொன்னார். பூசினேன். பாத்திரம் கழுவ மகள் விடவில்லை. திரும்பப் போனோம். எடுத்து அனுப்பினார், தெளிவில்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடியும் வந்தது. கைநாட்டு வைக்கமாட்டேன் என்று இவ்வளவு காலம் வீம்பாக இருந்தவள், பத்து விரலையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்தும் வேண்டாம் என்று வந்தது.

கடைசியில் விரலை விட்டுவிட்டுப் பெயரை வைத்துத் தேடி ஒரு கடிதம் தந்தார்கள். எந்தப் பெயரை? பறவையைத்தான். அந்தப் பெயரில் கனடாவில் ஒரு குற்றமும் இல்லையாம். மகள் அதை வாசித்துச் சொன்னபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குக் குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து விபரத்தைச் சொன்னேன். ஊரில் சமாதான நீதவானை ஜே.பி. என்பார்கள்.

"ஜே.பி.யிட்டைப் போய் என்னத்தைச் சொல்லவேணும்?" என்றாள்.

"என்னைப் பிறந்த நாள்தொட்டுத் தெரியும், இதுதான் என்ரை வீட்டுப் பேர், ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு சொல்லவேணும்."

"உது ஊருக்கே தெரியுமே."

"ஊரிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஓம், நான்தான் கிடக்கிறன்," என்றாள். பிறகு, "அந்த மனுசன் கேட்டவுடனை வீட்டுப் பேரைக் கொண்டுபோய்ச் சொன்னியே. வயசு எத்தினை அப்ப உனக்கு? நல்லகாலம், இடுப்பு அளவைக் கேக்கேல்லை."

"சிரிக்காதை அக்கா."

"சிரிக்காமல் என்ன செய்யிறது? நாளைக்கே போறன்."

நாளைக்கே போவேன் என்றவள் மூன்று கிழமை போகவில்லை. கேட்டால் மழை என்றாள், ஜே.பி. கொழும்புக்குப் போய்விட்டார் என்றாள், ஓட்டோக்காரன் வரவில்லை என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நான் இங்கே கவுண்டர் கவுண்டராக நிற்கிறேன், அவளுக்கு ஒரு தெருக் கடக்கப் பஞ்சியாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கடதாசி கூரியரில் வந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். நானே உறையைப் பிரித்தேன். தமிழில் தட்டச்சு செய்திருந்தபடியால் என்னாலேயே வாசிக்க முடிந்தது. என் பிறப்புப் பெயர், அப்பாவின் பெயர், 'எனப்படும்', வீட்டுப் பெயர். மேற்படி ஆளைப் பிறந்த தினம் முதல் அறிவேன் என்று இருந்தது. கீழே கையெழுத்து வைக்கிற கோட்டின் மேல் கையெழுத்து இல்லை. நீல மையில் ஒரு பெருவிரல்.

அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவள். எனக்குக் கையெழுத்துப் பழக்கியவள். நான் உடனே ரெலிபோன் எடுத்தேன்.

"என்ன அக்கா இது, கைநாட்டு?"

"வந்திட்டுதோ? காணுமோ அது?"

"ஏன் கையெழுத்து வைக்கேல்லை?"

"வலக்கைக்குப் பிளாஸ்ரர் போட்டுக் கிடக்கு. இடக்கையாலை எழுதிப் பாத்தன், கோழி கிண்டின மாதிரி வந்திட்டுது. அப்பிடி வைச்சால் உங்கை உள்ளவை அதுக்கும் ஏதும் நொட்டை சொல்லுவினம் எண்டு விரலை வைச்சிட்டன்."

"கை எப்ப முறிஞ்சது?"

"நீ கதைச்சதுக்கு அடுத்த நாள், படியிலை விழுந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் எல்லாத்தையும் போட்டிட்டுச் சுற்றுலாவுக்கு வெளிக்கிட்டிடுவாய். முதல்லை உந்த அலுவலை முடி." பிறகு, ஏதோ பெருமை மாதிரி, "நல்ல வடிவாய் விழுந்திருக்கெண்டு ஜே.பி. சொன்னவர்," என்றாள்.

வடிவாகத்தான் விழுந்திருந்தது. ஒவ்வொரு கோடும் தனித்தனியே தெரிந்தது. பக்கத்தில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். பிறகு கடதாசியை மடித்து உறைக்குள் வைத்தேன்.

மூன்றாம்முறை எல்லாம் சரி என்றார்கள். அந்தப் பெண் கடதாசிக் கட்டை வாங்கி அடுக்கினாள், முத்திரை குத்தினாள், ஒரு துண்டு தந்தாள். துண்டில் இரண்டு பெயரும் இருந்தன.

"எப்ப வரும் பிள்ளை?"

"சொல்ல முடியாது அம்மா. ஃபைல் கொழும்புக்குப் போகணும், அங்க பார்க்கணும்."

"அங்கை அக்கா கை முறிஞ்சு கிடக்கிறா. அந்தக் கடதாசியிலை இருக்கிற கைநாட்டு அவவின்ரை."

"எனக்கு விளங்குது அம்மா."

"ஃபைலுக்கு விளங்காது, என்ன?"

அவள் குனிந்து கடதாசிகளை ஒருமுறை தட்டி நேராக்கினாள். "அவசரம்னா இப்போதைக்கு விசாவில போய்ட்டு வாங்க அம்மா," என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு வழியில்லை.

அன்று பின்னேரம் மகள் வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல், கொம்பியூட்டரில் விசாப் படிவத்தைத் திறந்தாள்.

"அம்மா, எதுக்குப் போறீங்கள் எண்டு கேட்டிருக்கு. இடங்கள் பாக்க எண்டு போடட்டோ, சொந்தக்காரரைப் பாக்க எண்டு போடட்டோ?"

"கை முறிஞ்ச தமக்கைக்குச் சோறு தீத்தப் போறா எண்டு போடு."

"அப்பிடி ஒண்டு இதிலை இல்லை அம்மா."

"வீட்டை போறா எண்டு?"

"அதுவும் இல்லை."

"அப்ப சுற்றுலா எண்டே போடு. அக்காவும் அப்பிடித்தானே சொல்லுறவ."

அடுத்த பெட்டி லாஸ்ற் நேம். அதை அவள் என்னைக் கேட்காமலே தட்டினாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் விசா வந்துவிட்டது. பறவைக்கு ஒரு நாளில் வழி திறந்தது. பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறவளுக்கு இதை எழுதுகிற நாள்வரை ஒரு கடிதமும் இல்லை. தபாற்பெட்டியை ஒவ்வொரு நாளும் நான்தான் போய்ப் பார்க்கிறேன். பெட்டி கட்டிவிட்டேன். சனிக்கிழமை விமானம். ஒரு மாதம் தந்திருக்கிறார்கள். அக்காவின் கை பொருந்த இன்னும் ஆறு கிழமை வேண்டுமாம்.